இளையோர் இசைக்குழுவோடு சால்ஸ்பர்க், வியன்னா, பிராக்: பயண ஏற்பாட்டு நிறுவனம் பற்றிய அனுபவம்

சென்ற மே மாதம் எங்கள் இளையோர் தந்தி இசைக்குழுவைச் சேர்ந்த 34 பிள்ளைகளும் 7 பெரியவர்களுமாகச் சென்னையிலிருந்து ஆஸ்திரியாவுக்கும் செக் குடியரசுக்கும் போய்வந்தோம். சால்ஸ்பர்க், வியன்னா, பிராக் ஆகிய ஊர்களில் மும்மூன்று இரவுகள் தங்கி, ஊருக்கு ஒன்றாக மூன்று கச்சேரிகள் செய்தோம். அரங்கு, தங்குமிடம், பேருந்து, வாடகை வாத்தியங்கள், வழிகாட்டி ஆகிய எல்லாவற்றையும் வியன்னாவில் இயங்கும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தோம். பள்ளி, கல்லூரி வயதில் உள்ள இசைக்குழுக்களுக்கு மட்டுமே பயணம் ஏற்பாடு செய்வது அவர்கள் தொழில். விமானச் சீட்டுகளையும் விசா விண்ணப்பங்களையும் சென்னையில் ஒரு பயண முகவர் கவனித்தார். நான் பெற்றோர் குழுவின் பொருளாளர். என் மகள் வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) வாசிக்கிறாள். ஒரு தொகையைத் திருப்பித் தருவது குறித்து இன்னும் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருப்பதால் இரு தரப்பாரின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கச்சேரி சம்பந்தப்பட்ட எதிலும் இந்த வியன்னா நிறுவனத்தை நம்பலாம். வாத்தியம், சுருதி, அரங்கு, கேட்க வருபவர்கள் ஆகிய நான்கையும் நாங்கள் கேட்பதற்கு முன்பே யோசித்து வைத்திருந்தார்கள். ஆனால் காலை எத்தனை மணிக்குப் புறப்படுவது, பேருந்து எப்போது போய்ச் சேரும், இடையில் ஓட்டுநர் எப்போது தூங்குவார் என்பன போன்ற கணக்குகளில் அவர்கள் தந்த நிகழ்ச்சி நிரலை வரிவரியாக நாமே சரிபார்க்க வேண்டும். நாங்கள் சரிபார்க்கவில்லை, அதன் பலனைப் பிராக்கில் அனுபவித்தோம்.

புறப்படுவதற்கு 14 மாதங்களுக்கு முன்பே அவர்களோடு பேசத் தொடங்கினோம். நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் கல்யாண வரவேற்பில் சினிமாப் பாட்டு வாசிக்கும் மெல்லிசைக் குழு என்றுதான் பொருள். எங்கள் பயண முகவரே முதல் இரண்டு கூட்டங்களில், கீபோர்டும் டிரம்ஸும் எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தார். வியன்னாக்காரர்களிடமிருந்து வந்த முதல் மின்னஞ்சலில் நான்கு பக்கக் கேள்விப் பட்டியல் ஒன்று இருந்தது. பிள்ளைகளின் வயது, வாத்தியங்களின் எண்ணிக்கை, மேடையில் வேண்டிய நாற்காலிகளின் உயரம், கைப்பிடி இல்லாத நாற்காலியா என்பது வரை கேட்டிருந்தார்கள். கைப்பிடி உள்ள நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு இடையில் நிறுத்தி வாசிக்கும் செல்லோவை வாசிக்க முடியாது என்பது தெரிந்தவர்கள்தாம் அப்படிக் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்காகவே, விலை குறைவாகச் சொன்ன வேறொரு நிறுவனத்தை விட்டுவிட்டு இவர்களைத் தேர்ந்தெடுத்தோம்.

அதே பட்டியலில், ஒவ்வொரு வாத்தியத்திலும் எந்த விலங்கின், எந்த மரத்தின் பகுதி இருக்கிறது என்றும் கேட்டிருந்தார்கள். முதலில் இதை ஒரு சம்பிரதாயக் கேள்வி என்றே நினைத்தோம். வயலின் வில்களுக்குப் பயன்படும் பெர்னாம்புகோ மரம் 2007 முதல் அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. ஆனாலும் சொந்த உபயோகத்துக்குக் கையில் கொண்டுபோகும் வில்லுக்கு அதனால் சிக்கல் வராது என்று விளக்கம் தந்தார்கள். எங்கள் ஆசிரியருக்கு அவருடைய குருவிடமிருந்து வந்த பழைய வில்லின் முனையில் இருந்தது யானைத் தந்தம். அது வேறு கதை. அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும், ஆகவே வீட்டிலேயே வைத்துவிடுங்கள் என்றார்கள். உண்மையில் எங்களைத் திடுக்கிட வைத்தது கஞ்சிராதான். எங்கள் கஞ்சிராப் பையன் வைத்திருந்தது உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிரா. கஞ்சிரா என்றாலே உடும்புத் தோல்தான் என்று வழிவழியாகக் கேட்டுப் பழகியவர்கள் நாம். ஆனால் உடும்பு 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முதல் அட்டவணையில் உள்ள பிராணி. அதை விமான நிலையத்தில் யாராவது கவனித்திருந்தால் பையனோடு சேர்ந்து நாங்களும் அங்கேயே நின்றிருப்போம். செயற்கைத் தோல் கஞ்சிரா ஒன்றை வாங்கி, ஆறு மாதம் அதிலேயே பழகினான். நாதம் கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஈரப்பதம் மாறினாலும் சுருதி அலையவில்லை. வியன்னாவிலிருந்து கேட்ட கேள்வியால்தான் எங்கள் ஊர் வாத்தியத்தைப் பற்றிய சட்டம் எங்களுக்குத் தெரியவந்தது என்பதைக் கொஞ்சம் வெட்கத்தோடு எழுதுகிறேன்.

எங்கள் பெற்றோர்களில் பலருடைய கனவு வியன்னாவின் மூஸிக்ஃபெரைன் தங்க அரங்கம். 1870-இல் திறந்த அரங்கம் அது; புத்தாண்டுக் கச்சேரியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அந்தப் பொன்னிறத் தூண்கள் நினைவிருக்கும். பணம் கட்டினால் பிள்ளைகளின் குழுக்களுக்கும் அங்கே மேடை கிடைக்க வழி உண்டு. நாங்கள் ஆசைப்பட்டுக் கேட்டபோது, நிறுவனம் விலையைச் சொல்வதற்கு முன் வேறொரு கணக்கைச் சொன்னது: அந்த அரங்கில் 1,744 இருக்கைகள் இருக்கின்றன, உங்களோடு வரும் பெரியவர்கள் 7 பேர், மீதி இடங்களில் யாரை உட்கார வைப்பீர்கள்? வாடகையை வாங்கிக்கொண்டு புகைப்படம் எடுத்துக் கொடுத்து அனுப்பியிருந்தால் நாங்களும் சந்தோஷமாகத் திரும்பியிருப்போம். அதைச் செய்யாமல், புறநகரில் உள்ள ஓர் இசைப்பள்ளியின் 200 பேர் அமரும் அரங்கில் அந்தப் பள்ளி மாணவர்களோடு கூட்டுக் கச்சேரி செய்யுங்கள் என்று சொன்னார்கள். பெற்றோர் கூட்டத்தில் இதற்காக என்னிடம் பலர் கோபித்துக்கொண்டார்கள். நிறுவனம் சொன்னதுதான் சரி என்று இன்று அவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். இருவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

விசா விஷயத்தில் அவர்கள் அனுப்பிய அழைப்புக் கடிதம், இனி இப்படிப் போகும் எந்தக் குழுவுக்கும் மாதிரியாக இருக்கத் தக்கது. 41 பேரின் பெயர், பாஸ்போர்ட் எண், அவரவர் வாத்தியம், தங்கும் இடங்கள், கச்சேரித் தேதிகள், கச்சேரிக்குச் சன்மானம் எதுவும் கிடையாது என்ற உறுதிமொழி ஆகிய அனைத்தும் இரண்டு பக்கங்களில் அடங்கியிருந்தன. ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம். 12 வயது நிரம்பியவர்களுக்கும் அதே தொகைதான். ஆனால் லாபநோக்கற்ற அமைப்பின் சார்பில், இன்னொரு லாபநோக்கற்ற அமைப்பு நடத்தும் கலாசார நிகழ்ச்சிக்குச் செல்லும் 25 வயது வரையிலானவர்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது என்று விதி இருக்கிறது. எங்கள் இசைக்குழு பதிவுபெற்ற சங்கம். அழைத்தது ஓர் இசைப்பள்ளி. இந்த விதியின் எண்ணோடு தனிக் கடிதம் ஒன்றையும் வியன்னாவிலிருந்து அனுப்பி வைத்தார்கள். 34 பிள்ளைகளுக்கு 3,060 யூரோ மிச்சம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணத்தை மட்டும் எல்லாரும் கட்ட வேண்டியிருந்தது. சென்னை முகவருக்கு இந்த விதி தெரியாது என்பதோடு, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. முழுக் கட்டணத்துக்கே ரசீது போட்டு வைத்திருந்தார். சங்கப் பதிவுச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு நானே விண்ணப்ப மையத்துக்குப் போக வேண்டியிருந்தது.

சிறார்களின் பயணத்தில் காகிதம் பெருகும் என்பதையும் முன்பே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். கூட வராத தாய், தந்தை இருவரின் ஒப்புதல் கடிதமும் நோட்டரி கையெழுத்தோடு வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வேண்டும். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பாஸ்போர்ட் நாம் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். சிறு வயதில் எடுத்த பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளில் காலாவதியாவதால் எங்கள் பிள்ளைகளில் மூவருக்குக் கடைசி நேரத்தில் புதுப்பிக்க வேண்டியதாயிற்று.

இனி செல்லோ. எங்கள் குழுவில் 18 வயலின், 6 வியோலா, 6 செல்லோ, 2 டபுள் பேஸ், ஒரு மிருதங்கம், ஒரு கஞ்சிரா. டபுள் பேஸை விமானத்தில் ஏற்றும் எண்ணமே வேண்டாம், இரண்டையும் இங்கேயே வாடகைக்குத் தருகிறோம் என்றார்கள். செல்லோக்களில் நான்கையும் அப்படியே வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தனி வாசிப்பு இருந்த இரண்டு பிள்ளைகளின் செல்லோக்களுக்கு மட்டும் விமானத்தில் தனி இருக்கை வாங்கினோம். செல்லோவை ஜன்னலோர இருக்கையில் வைத்து, உரியவர் அதற்கு அடுத்த இருக்கையில் உட்கார வேண்டும். அவசர வழி வரிசையில் வைக்கக் கூடாது. இதெல்லாம் சீட்டு போடும்போதே முகவர் விமான நிறுவனத்திடம் சொல்லி உறுதி செய்ய வேண்டியது. அவர் இருக்கையை வாங்கினார், சொல்ல மறந்துவிட்டார். நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு மீனம்பாக்கத்தில் நாங்கள் வரிசையில் நின்றபோது பையனுக்கு 23-ஆம் வரிசையும் அவன் செல்லோவுக்கு 31-ஆம் வரிசையில் நடு இருக்கையும் ஒதுக்கப்பட்டிருந்தன. நடுவில் செல்லோவை வைத்தால் ஜன்னலோரத்தில் இருப்பவர் எப்படி வெளியே வருவார் என்று அந்த ஊழியர் எங்களையே கேட்டார். எட்டுப் பயணிகளின் இருக்கைகளை மாற்றி அந்த வாத்தியத்துக்கு ஜன்னலோரம் கிடைக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. குழுவாகப் போகும்போது விமானச் சீட்டையும் ஏற்பாட்டு நிறுவனத்திடமே விட்டுவிடுவது மேல் என்று அந்த வரிசையில் நின்றபோது தீர்மானித்தேன்.

சால்ஸ்பர்க்கில் கச்சேரி ஊரின் ஓரத்தில் உள்ள ஒரு சிறு தேவாலயத்தில். இந்த நிறுவனத்தின் சாமர்த்தியம் எனக்கு இங்கேதான் புரிந்தது. யாரென்றே தெரியாத ஒரு சென்னைக் குழுவுக்காகத் தனியாக மக்கள் வந்து கூட மாட்டார்கள். ஆகவே மாலை வழிபாட்டுக்கு ஏற்கெனவே வருகிறவர்கள் எழுந்து போவதற்கு முன்பே கச்சேரி தொடங்கிவிடும்படி நேரம் வாங்கியிருந்தார்கள். முந்தைய இரண்டு ஞாயிறுகளிலும் பாதிரியாரைக் கொண்டு அறிவிப்பும் செய்திருந்தார்கள். நூறு பேருக்குக் குறையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். மோட்ஸார்ட் 1772-இல் அதே ஊரில் இருந்தபோது, 16 வயதில் எழுதிய தந்தி இசைக்கான டி மேஜர் திவெர்த்திமெந்தோவை எங்கள் பிள்ளைகள் வாசித்தார்கள். வாசித்தவர்களில் பாதிப் பேருக்கு அதே வயது.

வாடகை செல்லோக்கள் நல்லவைதான். ஆனால் தேவாலயத்தின் வழவழப்பான கல்தரையில் செல்லோவின் ஊன்றுகம்பி வழுக்கும். அதைத் தடுக்கும் பட்டையை நாற்காலிக் காலில் மாட்டிக்கொள்வது வழக்கம். வாடகைக் கடை நான்கு செல்லோ அனுப்பியது, ஒரு பட்டைகூட அனுப்பவில்லை. ஒத்திகையில் முதல் நான்கு சுவரங்களுக்குள் ஒரு பெண்ணின் செல்லோ முன்னால் சறுக்கி நடுவில் போய் நின்றது. எங்களோடு வந்த வழிகாட்டிப் பெண் பதற்றமே இல்லாமல் தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, நாற்காலியின் முன்காலில் சுற்றி, பெல்ட்டின் துளையில் ஊன்றுகம்பியைக் குத்தி நிறுத்தினார். உடனே பையன்கள் மூவரும் தங்கள் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்கள். அந்தப் பெண்ணும் வியோலா வாசிப்பவர். அவர் தோள்பையில் உபரித் தந்திகளும் வில்லில் தேய்க்கும் ரோசினும் எப்போதும் இருந்தன. நிறுவனம் வழிகாட்டியாக அனுப்புகிறவர் வாத்தியம் தெரிந்தவரா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வியன்னாக் கச்சேரிதான் இந்தப் பயணத்தின் உச்சம், அதன் பெருமை முழுவதும் ஏற்பாட்டாளர்களுக்கே. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மேல்நாட்டு மெட்டுகளுக்கு சங்கராபரணத்தில் சாகித்யம் அமைத்த நோட்டுஸ்வரங்களில் நான்கை எங்கள் ஆசிரியர் தந்தி இசைக்குழுவுக்காக விரித்து எழுதியிருந்தார். அவற்றில் ஒன்று ‘சியாமளே மீனாட்சி’. நம் குழந்தைகள் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ என்று பாடும் மெட்டு. அதே மெட்டை வைத்து மோட்ஸார்ட் பியானோவுக்குப் பன்னிரண்டு மாறுவடிவங்கள் எழுதியிருக்கிறார். நிகழ்ச்சிப் பட்டியலைப் படித்துப் பார்த்த நிறுவனத்தார், இசைப்பள்ளியில் ஒரு மாணவியைப் பிடித்து, அவற்றில் ஐந்தை அவள் வாசித்து முடித்த கையோடு எங்கள் பிள்ளைகள் தீட்சிதரை எடுக்கட்டும் என்று யோசனை சொன்னார்கள். சங்கராபரணமும் சி மேஜரும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, அரங்கில் இருந்த உள்ளூர்ப் பெற்றோர் இரண்டாவது வரியிலேயே மெட்டைக் கண்டுகொண்டு சிரித்தார்கள். மிருதங்கம் நுழைந்ததும் சிரிப்பு அடங்கியது.

இதற்கு ஒரு சுருதிச் சிக்கல் இருந்தது. நாம் ஏ சுவரத்தை 440 ஹெர்ட்ஸில் வைத்துப் பழகியவர்கள், வியன்னாவில் 443. பியானோவைக் கீழே இறக்க முடியாது, நாம்தான் ஏற வேண்டும். இதை எட்டு மாதங்களுக்கு முன்பே எழுதித் தெரிவித்துவிட்டதால் பிள்ளைகள் சென்னையிலேயே 443-இல் பழகிவிட்டார்கள். தந்தி வாத்தியங்களுக்கு அது பெரிய காரியம் இல்லை. மிருதங்கத்துக்குத்தான், ஒரு கட்டைக்கு ஒரு நூல் மேலே நிற்கும்படி கல்லால் தட்டித் தட்டிச் சேர்ப்பதற்குள் பையனுக்கு வியர்த்துவிட்டது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் அப்பும் ரவையை அவன் ஊரிலேயே மறந்துவிட்டு வந்திருந்தான். அதுவும் அந்த ஊர்ச் சமையலறையில் இருந்தது. சூப்பில் போடும் உருண்டைக்காக அவர்கள் வைத்திருக்கும் கோதுமை ரவையில் ஒரு கைப்பிடியைப் பள்ளியின் சமையல்காரர் காகிதக் குவளையில் போட்டுக் கொடுத்தார்.

உரிமைக் கணக்கையும் நிறுவனமே முடித்தது. ஆஸ்திரியாவில் பொதுக் கச்சேரியில் வாசிக்கும் உருப்படிகளின் பட்டியலை ஏ.கே.எம். என்ற இசை உரிமைச் சங்கத்துக்குத் தர வேண்டும். மோட்ஸார்ட், செக் இசையமைப்பாளர் துவோர்ஷாக், தீட்சிதர் யாருக்கும் இப்போது காப்புரிமை இல்லை. ஆனால் தந்தி இசைக்காக விரித்து எழுதியது எங்கள் ஆசிரியர் என்பதால் அவரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கி இணைத்தார்கள்.

இத்தனை நுணுக்கமாக வேலை செய்தவர்கள் மறுநாள் காலைக் கணக்கை எப்படி விட்டார்கள் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. கச்சேரி ஒன்பது மணிக்கு முடிந்தது. அதன் பின் இசைப்பள்ளியின் முற்றத்தில் விருந்து. அதுவும் நிரலில் அச்சிட்டிருந்ததுதான். விடுதிக்கு வந்து பேருந்து நின்றபோது மணி 11.40. நிரலின்படி காலை 7 மணிக்குப் பிராக்குக்குப் புறப்பட வேண்டும். நாங்கள் இறங்கும்போது ஓட்டுநர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, காலை 8.40-க்கு முன் வண்டியை எடுக்க மாட்டேன் என்றார். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஓட்டுநருக்கு நாள்தோறும் 11 மணி நேர ஓய்வு வேண்டும். வாரத்தில் மூன்று முறை வரை அதை 9 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம், அதற்குக் கீழே போக முடியாது. வண்டியில் உள்ள கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் அவருடைய அட்டையில் பதிந்துவிடும், மீறினால் அபராதம். போதாக்குறைக்கு, நாலரை மணி நேர ஓட்டத்துக்குள் 45 நிமிட இடைவேளையும் கட்டாயம். அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. 41 பேரை ஏற்றிக்கொண்டு தூக்கக் கலக்கத்தில் ஓட்ட மறுத்த மனிதரை நான் மதிக்கிறேன். நிகழ்ச்சி நிரலை எழுதியவருக்கு இந்த விதி தெரியாதிருக்க வாய்ப்பே இல்லை. விருந்தைச் சேர்த்தவர் ஒருவர், பேருந்து நேரத்தைப் போட்டவர் இன்னொருவர் என்றுதான் ஊகிக்கிறேன்.

வியன்னாவிலிருந்து பிராக் சுமார் 330 கிலோமீட்டர். போய்ச் சேர்ந்தபோது மணி 2. தேவாலயத்தில் எங்களுக்கு ஒத்திகைக்காகக் கொடுத்திருந்த நேரம் 12.30 முதல் 2 வரை. அதற்கடுத்து அங்கே ஒரு திருமணம். ஒத்திகையே இல்லாமல் பிள்ளைகள் மாலையில் நேராக மேடை ஏறினார்கள். உயர்ந்த கல்மண்டபம், வில்லை எடுத்த பிறகும் ஒலி நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் எந்த வேகத்தில் வாசிப்பது என்பதை ஒத்திகையில் மட்டுமே கண்டுபிடிக்க முடியும். துவோர்ஷாக்கின் தந்தி இசை செரினேட், 1876-இல் அதே ஊரில் முதன்முதலாக அரங்கேறியது, மெதுவான பகுதிகளில் அழகாகவே ஒலித்தது. கஞ்சிராவும் மிருதங்கமும் சேர்ந்து வைத்த கோர்வைதான் போயிற்று. ஒவ்வொரு சொல்லும் முந்தின சொல்லின் எதிரொலியில் மூழ்கி, கடைசியில் வெறும் இரைச்சலாக வந்து நின்றது. ஆசிரியர் அடுத்த உருப்படியிலேயே காலப்பிரமாணத்தைக் குறைத்துவிட்டார். அந்த முடிவை மதியமே எடுத்திருக்க வேண்டியது.

கேட்க வந்தவர்கள் 23 பேர்; எங்களோடு வந்த பெரியவர்களும் அதில் அடக்கம். சுவரொட்டி முந்தைய நாள்தான் கதவில் ஒட்டப்பட்டதாக அங்கிருந்த பணியாளர் சொன்னார். ஆனால் இதில் எங்கள் பிழையையும் நான் மறைக்கக் கூடாது. ஆண்டுதோறும் மே 12 அன்று, செக் இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் நினைவு நாளில், பிராக் வசந்த இசைவிழா தொடங்குகிறது. அந்த நாட்களில் விடுதி விலை ஏறும், ஊரெங்கும் கச்சேரி நடக்கும், சென்னையிலிருந்து வந்த பிள்ளைகளைக் கேட்க யாருக்கும் நேரம் இருக்காது. ஆகவே பிராக்கை முதலில் வைத்து மே முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள் என்று நிறுவனம் எழுதியிருந்தது. திரும்பும் விமானச் சீட்டு பிராக்கிலிருந்து மலிவாகக் கிடைக்கிறது என்று முகவர் சொன்னதைக் கேட்டு நாங்கள்தான் பயணத்தைத் திருப்பிப் போட்டோம். சீட்டில் மிச்சம் பிடித்ததைப் போல விடுதியில் இரண்டு மடங்கு கொடுத்தோம்.

தங்குமிடங்கள் மூன்றும் சுத்தமானவை. இரவு பத்து மணிக்கு மேல் வாத்தியம் எடுக்கக் கூடாது என்பதைக் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டார்கள். சைவச் சாப்பாடு என்று எழுதிக் கொடுத்ததற்கு ஒன்பது இரவில் ஆறு இரவு பாலாடைக்கட்டி போட்ட மாவுப் பண்டமே வந்தது. நாங்கள் இறங்கிய நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரியாவில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், ரயில் நிலையத்தில் உள்ளவை போன்ற சில மட்டும் திறந்திருக்கும். தயிர் வாங்க இரு பெற்றோர் சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரை போய்வந்தார்கள். ஊர் பார்ப்பதில் பிள்ளைகளுக்குப் பிடித்தது வியன்னாவின் ஹவுஸ் தேர் மூஸிக் என்ற அருங்காட்சியகம். அங்கே கோலை அசைத்தால் திரையில் உள்ள வியன்னா பில்ஹார்மோனிக் அதற்கேற்ப வேகம் மாறி வாசிக்கும், தாளம் தவறினால் நிறுத்திவிட்டுக் கடிந்துகொள்ளும். மத்தியக் கல்லறையில் பேட்ஹோவன், ஷூபர்ட், பிராம்ஸ் மூவரும் அருகருகே இருக்கும் இடத்தில் அரை மணி நேரம்தான் கிடைத்தது, அது போதவில்லை.

பணக் கணக்கு. நிறுவனத்தின் பங்கு ஒருவருக்கு 1,980 யூரோ. விமானம், விசா, காப்பீடு எல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறத்தாழ 2,90,000 ரூபாய் ஆயிற்று. 20 பேருக்கு ஒருவர் வீதம் இருவருக்கு இலவசம். அதை ஆசிரியர்கள் இருவருக்குக் கொடுத்தோம். விலை யூரோவில் என்பதால், 25 சதவீத முன்பணம் கட்டிய நாளுக்கும் மீதியைக் கட்டிய நாளுக்கும் இடையே ரூபாய் மதிப்பு சரிந்ததில் ஒவ்வொரு குடும்பத்திடமும் மறுபடி கை நீட்ட வேண்டியிருந்தது. முதலிலேயே கொஞ்சம் கூடுதலாக வசூலித்து வைப்பது நல்லது. இன்னொன்று: வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு மூலத்தில் வசூலிக்கும் வரியை முகவர் யாருடைய பான் எண்ணில் போடுகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது முழுவதும் சங்கத்தின் பெயரில் போய்விட்டது. தனித்தனியாகப் போட்டிருந்தால் பெற்றோர் அவரவர் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொண்டிருக்கலாம்.

திரும்பி வந்ததும் மூன்று பக்கப் புகார்க் கடிதம் எழுதினோம். சென்னை முகவரிடமிருந்து பதில் இல்லை. வியன்னாவிலிருந்து நான்காம் நாள் பதில் வந்தது: பேருந்து நேரக் கணக்கு தங்கள் தவறு என்று ஒப்புக்கொண்டு, பிராக் தேவாலயத்தின் ஒத்திகை வாடகையைத் திருப்பித் தந்துவிட்டார்கள். கச்சேரி வாடகையிலும் பாதியைத் தர வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அதுதான் இன்னும் பேச்சில் இருக்கிறது.

இதற்கிடையே, இரண்டு ஆண்டு கழித்து மறுபடி போவதற்கான வரைவு நிரல் ஒன்றையும் அவர்களிடமே கேட்டு வாங்கியிருக்கிறோம். பிராக் முதலில், வியன்னா கடைசியில். விமானச் சீட்டும் அவர்கள் பொறுப்பு. ஒவ்வொரு நாளின் ஓரத்திலும் ஓட்டுநர் வேலை முடிக்கும் நேரம், மறுநாள் வண்டி எடுக்கும் நேரம் என்று இரண்டு புதிய கட்டங்கள் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். வாடகை செல்லோ என்ற வரிக்குக் கீழே ‘ஊன்றுகம்பிப் பட்டை 4’ என்று தனியாக எழுதியிருக்கிறது. விலை தலைக்கு 140 யூரோ கூடியிருக்கிறது. வரும் ஞாயிறு பெற்றோர் கூட்டத்தில் அதை வைக்கப் போகிறேன்.